யாரும் வேலைக்கு வைக்காத பிள்ளைகள்

1838 ஜூலை 4. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் சில்க்ஸ்டன் என்ற ஊரை ஒட்டிய ஹஸ்கர் நிலக்கரிச் சுரங்கம். பிற்பகலில் கொட்டிய பேய்மழையில், ஆட்களை மேலே இழுக்கும் நீராவி எந்திரத்தின் கொதிகலன் அடுப்பு அணைந்துபோனது. கீழே இருந்தவர்களைக் காத்திருக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் சிலருக்குப் பொறுமை இல்லை. காற்றோட்டத்திற்காக வெட்டியிருந்த சாய்வுப் பாதை வழியாக ஏறி வெளியேறப் பார்த்தார்கள். கரை உடைந்த ஓடை அந்தப் பாதைக்குள் பாய்ந்து, அவர்களைக் காற்றுக் கதவோடு சேர்த்து அமுக்கியது. இறந்தவர்கள் 26 பேர். மூத்தவருக்கு 17 வயது, இளையவருக்கு 7. பதினொரு பேர் சிறுமிகள்.

சுரங்கத்துக்குள் சிறுமிகள் வேலை பார்க்கிறார்கள் என்பதே லண்டனில் பலருக்கு இந்தச் செய்தியைப் படித்தபோதுதான் தெரிந்தது. 1840இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஆஷ்லி பிரபுவின் முயற்சியால் சிறுவர் வேலை பற்றிய விசாரணை ஆணையம் ஒன்று அமைந்தது. அதன் உதவியாளர்கள் சுரங்கம் சுரங்கமாகப் போய்ப் பிள்ளைகளையே உட்காரவைத்துப் பேசவிட்டு எழுதி வந்தார்கள். 1842 மே மாதம் வெளிவந்த அறிக்கையில் படங்களும் இருந்தன. இடுப்பில் வாரும் கால்களுக்கிடையே சங்கிலியுமாக, கரித்தொட்டியை நான்கு காலில் இழுக்கும் பெண்பிள்ளை. கும்மிருட்டில் காற்றுக் கதவுக்குப் பக்கத்தில் கயிறு பிடித்து உட்கார்ந்திருக்கும் பையன். கதவுக்காரப் பிள்ளைகளில் ஐந்து வயதுக்காரர்களும் உண்டு. வண்டி வரும் சத்தம் கேட்டால் கதவைத் திறக்க வேண்டும், போனதும் மூட வேண்டும். 12 மணி நேரம் அதுதான் வேலை. மெழுகுவத்திக்குக் கூடக் காசு கிடையாது.

அந்த அறிக்கையில் என்னை நிறுத்திவைப்பது படங்களைக் காட்டிலும் வேறொரு செய்தி. இந்தப் பிள்ளைகளை யார் வேலைக்கு வைத்தது என்று கேட்டபோது, தாங்கள் இல்லை என்று பல முதலாளிகளால் சொல்ல முடிந்தது. அது முழுப் பொய்யும் இல்லை. பல வட்டாரங்களில் கரி வெட்டுபவருக்குத் தொட்டிக் கணக்கில் கூலி. தொட்டியை இழுத்துச் செல்ல ஆள் வைத்துக்கொள்வது அவர் பாடு. வெளியாளை வைத்தால் கூலியில் பங்கு போகும், தன் பிள்ளையை வைத்தால் போகாது. ஆகவே பெற்ற மகளையே வாரில் பூட்டினார். நிறுவனத்தின் பேரேட்டில் அப்பனின் பெயர் இருக்கும், பிள்ளையின் பெயர் இருக்காது. நாள் முழுக்கக் கரி இழுத்த பிள்ளை கணக்குப்படி யாருடைய ஆளும் இல்லை.

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பந்திங்கில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் அந்தப் பேரேடுதான்.

சிலாங்கூரிலும் நிலக்கரி இருந்தது. பத்து ஆராங்கில் 1908இல் கரி கண்டுபிடிக்கப்பட்டு, ஜே. ஏ. ரசலின் மலாயன் கோலியரிஸ் நிறுவனம் 1913இல் தொடங்கியது. ரயிலுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் மின் நிலையத்துக்கும் எரிபொருள் தந்த அந்தச் சுரங்கம் 1960 வரை ஓடியது. தொழிலாளர்களில் பெரும்பகுதி சீனர்கள். 1937 மார்ச்சில் அங்கே நடந்த வேலைநிறுத்தம் மலாயாத் தொழிற்சங்க வரலாற்றில் தனி அத்தியாயம். ஆனால் இந்த நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் தொழிற்புரட்சியின் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது பூமிக்கடியில் இல்லை, ரப்பர்ப் பால்மரத்தடியில். டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தது 1888இல். ஃபோர்டின் மாடல் டி கார் சாலைக்கு வந்தது 1908இல். 1910இல் ரப்பர் விலை தலைகால் தெரியாமல் ஏறியது. கிள்ளான் ஆற்றுக்கும் லங்காட் ஆற்றுக்கும் இடைப்பட்ட சதுப்பும் காடும் அந்த வேகத்தில்தான் தோட்டங்களாயின. கேரித் தீவு, ஜுக்ரா, மோரிப், புரூக்லண்ட்ஸ், டூசுன் டுரியான் என்று இன்று நாம் வழியில் வாசித்துக்கொண்டு போகிற பெயர்கள் எல்லாம் அந்தக் காலத்துப் பால்காட்டு நினைவுகள். நிலக்கரி முதல் நூற்றாண்டின் எரிபொருள் என்றால் ரப்பர் அடுத்த நூற்றாண்டின் சக்கரம். பிள்ளைகள் இரண்டுக்கும் தேவைப்பட்டார்கள், ஒரே காரணத்துக்காக.

அந்தக் காரணம் புரியவேண்டுமானால் பால் வெட்டும் வேலை எப்படி நடக்கும் என்று பார்க்க வேண்டும். விடியலின் குளிரில் மரப்பட்டைக்குள் பால்குழாய்களின் அழுத்தம் அதிகம், அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் சுணங்கிவிடும். அதனால் இருட்டோடு பெரட்டு. பேர் கூப்பிட்டு முடிந்ததும் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்க வேண்டும். ஒரு ஆளுக்கு 300, 400 மரம், சில காடுகளில் அதற்கும் மேல். வெட்டும் முன் ஒவ்வொரு மரத்திலும் முதல்நாள் கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்தெடுக்க வேண்டும், பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் உறைந்து கிடக்கும் கட்டிப்பாலைக் கிள்ளிப் பையில் போட வேண்டும், மங்கைத் துடைத்து நிமிர்த்தி வைக்க வேண்டும். அதன் பிறகுதான் உளி. எல்லா மரமும் வெட்டி முடித்துச் சற்று உட்கார்ந்து எழுந்தால் மறுபடி முதல் மரத்திலிருந்து மங்கு மங்காகப் பால் எடுத்து வாளியில் ஊற்றி, காண்டாத் தடியில் தூக்கி, நிறுவைக்குச் சுமக்க வேண்டும். மழை வந்து மங்கில் தண்ணீர் விழுந்தால் அன்றையப் பாடு வீண்.

இந்த வரிசையில் உளி பிடிப்பது மட்டும்தான் பெரியவர் வேலை. பட்டைக்கு அடியில் உள்ள மரத்தைக் காயப்படுத்தாமல் வெட்டக் கை பழக வேண்டும். மற்றது எல்லாவற்றையும் எட்டு வயதுப் பிள்ளை செய்யலாம். கோட்டுப் பாலை உரிக்கச் சின்ன விரல்களே தோது. முன்னால் பிள்ளை மங்கு துடைத்துக்கொண்டு ஓட, பின்னால் தாய் வெட்டிக்கொண்டே வந்தால் 300 மரத்தை வெயில் ஏறுமுன் முடிக்கலாம். கட்டிப்பாலுக்கு இறாத்தல் கணக்கில் தனிக் காசு உண்டு. பிள்ளை கிள்ளிய கட்டிப்பால் தாயின் பெயரில் நிறுவையில் ஏறும். யார்க்‌ஷயர் பேரேட்டில் நடந்தது இங்கே தராசில் நடந்தது.

பெயர் ஏறிய பிள்ளைகளும் இருந்தார்கள், அதை மறந்துவிடக் கூடாது. புல் வெட்டுவது, நாற்றங்காலுக்குத் தண்ணீர் ஊற்றுவது, பூச்சி பொறுக்குவது போன்ற வெளிக்காட்டு வேலைகளுக்குச் சிறுவர் கூலி என்றே ஒன்று இருந்தது. ஆண், பெண், சிறுவர் என்று மூன்று படி. 1920களின் பிற்பகுதியில் முக்கிய வட்டாரங்களில் இந்தியர் குடியேற்றக் குழு வகுத்த நாட்கூலி ஆணுக்கு 50 சென்ட், பெண்ணுக்கு 40. சிறுவர் கூலி இதற்கும் கீழே. அரசே கணக்குப் போட்டு அறிவித்த கூலி இது. ஒரு குடும்பம் என்ன சாப்பிடும், எத்தனை துணி வாங்கும், ஊருக்கு எவ்வளவு அனுப்பும் என்று பட்டியல் போட்டுத்தான் அந்தத் தொகையை எட்டினார்கள். பெண்ணும் வேலைக்குப் போவாள் என்பது அந்தக் கணக்கிலேயே இருந்தது. ஆணின் கூலி ஒரு குடும்பத்தைத் தாங்க வேண்டிய அவசியமில்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால், மீதியை யாராவது கொண்டுவந்துதானே ஆக வேண்டும்?

பிள்ளையை வேலைக்கு அனுப்பிய பெற்றோரைப் பேராசைக்காரர் என்றோ அறியாதவர் என்றோ எழுதியவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. 1842இலும் இதே பேச்சுதான். குடும்பமே உழைத்தால்தான் போதும் என்ற அளவில் கூலியை நிர்ணயித்துவிட்டு, குடும்பமே வேலைக்கு வந்தது என்று ஆச்சரியப்படுவது வேடிக்கை. கங்காணி முறையும் இதற்குத் துணை போனது. ஊரிலிருந்து ஆள் கொண்டுவந்த கங்காணிக்கு, தன் ஆட்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளும் தலைக்கு இத்தனை என்று காசு வந்த காலம் அது. லயத்தில் படுத்துக் கிடக்கும் ஆள் அவருக்கு நட்டம். 1910இல் ஒப்பந்தக் கூலி முறைக்கு முடிவு கட்டிய பிறகு, தனி ஆணைவிடக் குடும்பத்தோடு வருபவரே தோட்டத்தில் தங்குவார் என்று நிர்வாகங்கள் கண்டுகொண்டன. குடும்பம் வந்தால் கைகளும் வரும்.

மூத்த பெண்பிள்ளையின் பாடு எந்தக் கணக்கிலும் வராது. தாய் காட்டுக்குப் போனால் கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில். நடக்கத் தெரிந்த தம்பியும் தங்கையும் அவள் இடுப்பில். சோறு வடிப்பதும் தண்ணீர் பிடிப்பதும் காட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவதும் அவள். பத்து வயதில் அவள் பார்த்த வேலைக்குக் கூலியும் இல்லை, வேலை என்ற பெயரும் இல்லை. பள்ளிக்கூடத்தை முதலில் விட்டவளும் அவள்தான்.

பள்ளிக்கூடம் என்றதும் 1923 தொழிலாளர் சட்டத்தைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று அது சொன்னது. இன்றைய தமிழ்ப் பள்ளிகள் பலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது. அந்த நன்றியை மறுக்க வேண்டியதில்லை. 1938 வாக்கில் மலாயாவில் தோட்டப் பள்ளிகள் 500க்கும் மேல் இருந்தன. அரசே நடத்திய தமிழ்ப் பள்ளிகள் 13தான். ஆனால் அந்தச் சட்டம் பள்ளிக்கூடம் இருக்க வேண்டும் என்றது, பிள்ளை அதில் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கட்டாயம் முதலாளிக்கு மட்டும், அதுவும் கொட்டகை அளவில். எழுத்தரான கிராணியோ கங்காணியோ ஓய்ந்த நேரத்தில் வாத்தியாராகும் பள்ளிகள் நிறைய. படிப்பு பெரும்பாலும் நான்காம் வகுப்போடு முடிந்தது. அதற்கு மேல் படிக்கத் தோட்டத்தை விட்டு வெளியே போக வேண்டும். காலையில் நிரையில் மங்கு துடைத்துவிட்டு, கையில் பால்நாற்றம் போகாமல் எட்டு மணிக்கு வகுப்பில் வந்து உட்கார்ந்து தூங்கி விழுந்த பிள்ளைகள் வருகைப் பதிவேட்டில் ‘வந்தவர்’தான்.

பந்திங் வட்டாரத்தில் எழுபது வயதைத் தொட்டவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், இந்தக் காலைகளை அவர்கள் குறையாகச் சொல்வதில்லை. அம்மாவுக்கு ஒத்தாசை செய்தோம் என்பார்கள். அந்தப் பெருமிதத்தைப் பறிக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் ‘ஒத்தாசை’யின் விலை எவ்வளவு என்று ஒரு கணக்காவது எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும் அல்லவா?

இவ்விடத்தில் ஒரு கிளைக்கதை. தோட்டப் பிள்ளைகளை ஆங்கிலேய ஆட்சி ஒருவகையில் மிக நுணுக்கமாகவே பரிசோதித்திருக்கிறது. 1901இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்புகளை வடித்து மலேரியாவை அடக்கியவர். கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் அவர் செய்தது உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற வேலை. பிறகு தோட்டங்களுக்குப் போனார். ஒரு தோட்டத்தில் மலேரியா எந்த அளவு என்று அறிய அவர் கைக்கொண்ட அளவுகோல் பிள்ளைகளின் மண்ணீரல். வரிசையாக நிற்கவைத்து விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்து, எத்தனை பிள்ளைகளுக்கு வீங்கியிருக்கிறது என்று விழுக்காடு போடுவார். 1911இல் வெளியான அவருடைய நூலில் தோட்டம் தோட்டமாக அந்தக் கணக்கு உண்டு. வாட்சனின் பணியால் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் என்பதில் எனக்கு ஐயமில்லை. என்றாலும் அந்தப் பட்டியல்களைப் புரட்டும்போது ஒன்று உறுத்துகிறது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். நீ எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. 1842 அறிக்கைக்கு இணையாக, தோட்டப் பிள்ளைகளையே உட்காரவைத்துக் கேட்டெழுதிய ஆணையம் மலாயாவில் அமையவே இல்லை. இந்தியத் தொழிலாளர் நிலையை 1929 முதல் 1931 வரை ஆராய்ந்த விட்லி ஆணையம் அசாம் தேயிலைத் தோட்டம் வரை போனது. மலாயா அதன் எல்லைக்கு வெளியே.

கரிச்சுரங்கப் பிள்ளை இருட்டில் இருந்தான், அதனால் வெளியே தெரியவில்லை என்றாவது சொல்லிக்கொள்ளலாம். பால்காட்டுப் பிள்ளையைத் துரை தினமும் சைக்கிளிலும் குதிரையிலும் கடந்து போனார்.

1930இல் உலகப் பெருமந்தம் வந்தது. 50 சென்ட் 40 ஆனது, பெண்ணுக்கு 32. பிறகு இன்னும் இறங்கியது. லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். தங்கியவர்களின் வீட்டில் எல்லாக் கையும் வேலைக்கு வந்தாக வேண்டும் என்ற நிலை. 1936 டிசம்பரில் இந்திய அரசின் சார்பில் வந்து பார்த்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, கூலியைப் பழைய 50, 40க்கே திரும்பக் கொண்டுவரச் சொன்னார். அதற்கு மேல் கேட்டிருக்கலாம் என்று அன்றே பலர் அவரைக் குறை கூறினார்கள். கூலித் தகராறு ஓயவில்லை. 1938 ஜூன் 15 முதல் மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை இந்தியா நிறுத்தியது.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு மூன்றாண்டு கழித்து நடந்தது. 1941 மார்ச், ஏப்ரல் மாதங்களில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொடங்கிய வேலைநிறுத்தம் சுற்று வட்டாரத்துக்கெல்லாம் பரவியது. ஆர். எச். நாதன், ஒய். கே. மேனன் ஆகியோர் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் சீனர்களுக்கு இணையான கூலி இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும், கள்ளுக்கடைகளை மூடுவதும், பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவதும் இருந்தன. அவற்றோடு பிள்ளைகளுக்குச் சரியான கல்வி வேண்டும் என்பதும் இருந்தது. பிள்ளையை வேலைக்கு அனுப்பியதாகக் குற்றம் சாட்டப்பட்ட அதே பெற்றோர், வாயைத் திறக்க முடிந்த முதல் வாய்ப்பில் கேட்டது பள்ளிக்கூடம். அரசின் பதில் மே மாதம் வந்தது. நாதனைக் கைது செய்தார்கள். சிலாங்கூரில் அவசரநிலை பிறப்பித்துப் படையை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார். ஏழு மாதத்தில் ஜப்பானியர் வந்தனர். சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டத்து ஆண்களை அள்ளிக்கொண்டு போனபோது, பால்காட்டையும் வீட்டையும் சுமந்தவர்கள் பெண்களும் பிள்ளைகளும்.

சுதந்திரத்துக்குப் பிறகு சட்டம் வந்தது. 1966ஆம் ஆண்டுச் சிறார், இளையோர் வேலைவாய்ப்புச் சட்டம் 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைச் சிறார் என்றது. குடும்பம் நடத்தும் தொழிலில் இலகுவான வேலை போன்ற சில வகைகளுக்கு மட்டும் விலக்கு. இரவு 8 மணி முதல் காலை 7 மணி வரை சிறார் எந்த வேலையும் செய்யக் கூடாது. ஒரு நாளில் ஆறு மணி நேரத்துக்கு மேல் கூடாது. பள்ளிக்குப் போகும் பிள்ளையானால் படிப்பும் வேலையும் சேர்ந்து ஏழு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வாசிக்க நல்ல சட்டம். ஆனால் பெரட்டு எத்தனை மணிக்கு? காலை ஏழு மணிக்கு முன் மங்கு துடைத்த ஒவ்வொரு பிள்ளையும் அந்தச் சட்டத்தின்படி சட்டவிரோதமாக வேலை செய்த பிள்ளை. தோட்டமோ அதன் குடும்பம் நடத்தும் தொழில் இல்லை. இரண்டு வகையிலும் குற்றம். ஆனால் யார் மீது? நிர்வாகம் அந்தப் பிள்ளையை வேலைக்கு வைக்கவில்லை. தாய் வைத்தாளா? அவளே கூலிக்காரி. பெயர் இல்லாத பிள்ளைக்குச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி 1842இலிருந்து அப்படியே கப்பலேறி வந்திருந்தது.

பிரிட்டனில் 1842 ஆகஸ்டில் நிறைவேறிய சுரங்கச் சட்டம் பெண்களையும் 10 வயதுக்குட்பட்ட பையன்களையும் பூமிக்கடியில் இறக்கத் தடை விதித்தது. மேற்பார்வைக்கு நியமிக்கப்பட்டவர் ஒரே ஒருவர். பிள்ளைகள் குழிக்குள் போவது அன்றோடு நின்றுவிடவில்லை. 1880இல் பள்ளிக்கூடம் கட்டாயமான பிறகுதான் பிள்ளை காலை நேரத்தில் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஓர் அதிகாரி இருந்தார். இடையில் 38 ஆண்டுகள். அமெரிக்க அரசியல் அறிஞர் மைரன் வீனர் 1991இல் எழுதிய ஆய்வில் இந்தியாவைப் பற்றி வற்புறுத்தியதும் இதையே. வறுமை தீரட்டும் என்று காத்திருந்து சிறார் உழைப்பை ஒழித்த நாடு எதுவும் இல்லை. கட்டாயக் கல்வியே அதைச் செய்தது என்றார். அவர் கூலியைக் குறைத்து மதிப்பிடுகிறார் என்பது என் கருத்து. இருந்தாலும் மலேசியாவுக்கு அவர் வாதம் சுடும். இங்கே தொடக்கக் கல்வி சட்டப்படி கட்டாயமானது 2003 ஜனவரி 1 அன்று. விடுதலைக்குப் பின் 45 ஆண்டுகள் கழிந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கு மாறி, கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு நிலம் கொடுத்து, லயங்கள் காலியான பிறகு.

அதற்குள் பிள்ளைகள் நிரையை விட்டு வெளியேறிவிட்டார்கள் என்றால் அதற்குச் சட்டத்தைக் காட்டிலும் மற்றக் காரணங்களே அதிகம். 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பேசி வாங்கிய கூலி ஒரு காரணம். கிள்ளானிலும் ஷா ஆலமிலும் முளைத்த தொழிற்சாலைகள் ஒரு காரணம். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டது இன்னொன்று. குலை வெட்டும் வேலைக்குச் சின்ன விரல்கள் உதவாது. மாதக் கூலி வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர்கள் பல்லாண்டு கேட்டும், குறைந்தபட்சக் கூலி 2013 ஜனவரியில்தான் வந்தது. தீபகற்பத்தில் 900 ரிங்கிட். அப்போது தோட்டத்தில் தமிழர்கள் மிகச் சிலர்.

இந்தியாவின் கரிச்சுரங்கங்களிலும் இதே குடும்பக் கணக்குதான். ராணிகஞ்சிலும் ஜாரியாவிலும் சாந்தால் ஆண் கரி வெட்ட, மனைவியும் பிள்ளையும் கூடையில் சுமந்தார்கள். கூலி தொட்டிக் கணக்கில். 1923 சுரங்கச் சட்டம் 13 வயதுக்குட்பட்டவரைத் தடுத்தது, 1935இல் அது 15 ஆனது. மேகாலயாவின் ஜைந்தியா மலையில் எலிவளைச் சுரங்கங்களைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை செய்தது 2014இல். அங்கே வேலை செய்த சிறுவர்களில் நேபாளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் உண்டு. தடைக்குப் பிறகும் தோண்டினார்கள் என்பதை 2018 டிசம்பரில் க்சானில் நீர் புகுந்து 15 பேர் சிக்கியபோது நாடு பார்த்தது. 2016இல் இந்தியா திருத்திய சிறார் உழைப்புச் சட்டமும் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. சிவகாசிப் பக்கம் வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டிய பிள்ளைகளை அறிந்தவர்களுக்கு அந்த வாசல் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

செம்பனையில் சின்ன விரல்களுக்கு வேலை இல்லை என்றேன். முழு உண்மை இல்லை. பழுத்த குலை விழும்போது சிதறும் உதிரிப்பழத்தில்தான் எண்ணெய் அதிகம். அதைக் குனிந்து பொறுக்கிச் சாக்கில் போட வேண்டும். கூலி சாக்குக் கணக்கிலோ எடைக் கணக்கிலோ. குலை வெட்டுபவர் பின்னால் மனைவியும் பிள்ளையும் பொறுக்கிக்கொண்டு போவது சபாவில் அரிதான காட்சி இல்லை. இந்தோனேசியாவிலிருந்தும் பிலிப்பீன்ஸிலிருந்தும் வந்த குடும்பங்கள் அவை. வேலை அனுமதிச் சீட்டு தொழிலாளருக்கு மட்டும், குடும்பத்துக்கு இல்லை. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையை அரசுப் பள்ளி சேர்க்காது. 1991 முதல் ஹுமானா அமைப்பும், பின்னர் இந்தோனேசிய அரசும் நடத்தும் கற்றல் மையங்கள் எட்டுகிற பிள்ளைகள் படிக்கிறார்கள், எட்டாதவர்கள் பெற்றோரோடு காட்டுக்குப் போகிறார்கள். அமெரிக்கத் தொழிலாளர் துறை, சிறார் உழைப்புப் படிந்த பொருள்களின் பட்டியலில் மலேசியப் பாமாயிலை வைத்திருக்கிறது. 2019 திருத்தத்தில் நம் சட்டம் சிறார் வயதை 15க்கு உயர்த்தி, இலகுவான வேலைக்கும் 13 வயது என்று வரம்பு கட்டியது. அந்தப் பிள்ளைகளின் பெயர் எந்தப் பேரேட்டிலும் இல்லை என்பதால் அது அவர்களுக்கு என்ன செய்யும் என்று யோசித்தால் மீண்டும் சில்க்ஸ்டனுக்கே வந்து சேர்கிறோம். உலகத் தொழிலாளர் நிறுவனமும் யுனிசெஃப்பும் 2024க்குக் கணித்த 13 கோடியே 80 லட்சம் உழைக்கும் பிள்ளைகளில் 61 விழுக்காட்டினர் விவசாயத்தில் இருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சொந்தக் குடும்பத்தோடு வேலை செய்கிறவர்கள்.

ஆகவே சிறார் உழைப்பை ஒழிப்பதாகச் சொல்லும் எந்த அரசிடமும் எந்த நிறுவனத்திடமும் முதலில் கேட்க வேண்டியது வயது வரம்பை அல்ல, கூலி எதைக் கொண்டு அளக்கப்படுகிறது என்பதை. சாக்குக்கும் இறாத்தலுக்கும் தொட்டிக்கும் கூலி கொடுக்கும் வரை, அளவை நிரப்பப் பிள்ளை வரும். உதிரிப்பழம் பொறுக்கும் வேலைக்கு நாட்கூலியும், பத்திரம் இருக்கிறதா என்று கேட்காத பள்ளிச் சேர்க்கையும் இருந்தால் சட்டத்துக்குப் பாதி வேலை மிச்சம்.

பந்திங், கிள்ளான், கேரித் தீவு வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மூடப்பட்ட, இடம் மாறிய தோட்டப் பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் பலருடைய வீட்டு அலமாரிகளிலும் கோயில் அலுவலகங்களிலும் கரையான் தின்றுகொண்டிருக்கின்றன. எந்தப் பிள்ளை எந்த ஆண்டு சேர்ந்தது, எந்த வகுப்போடு நின்றது என்பது அவற்றில் இருக்கிறது. பழைய கூலிப் பேரேடுகளும் கட்டிப்பால் நிறுவைச் சீட்டுகளும் அப்படியே. அவற்றைத் தேசிய ஆவணக் காப்பகத்திடமோ மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையிடமோ ஒப்படையுங்கள். வீட்டில் எழுபது, எண்பது வயதில் அத்தையோ பாட்டியோ இருந்தால், எத்தனை வயதில் காட்டுக்குப் போனீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எப்போது பள்ளியை விட்டீர்கள் என்று கைப்பேசியை முன்னால் வைத்துக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். நமக்காக எந்த ஆணையமும் வரவில்லை. இனி வரப்போவதும் இல்லை.